கண்ணின் உடற்கூறு: ஒளி போகும் வழியிலேயே போய்ப் படிக்கலாம்

ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர்) பணித் தேர்வுக்குப் படிக்க உட்காருகிறவர்கள் முதலில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தைத் திறந்துவைத்து, கார்னியா, ஐரிஸ், லென்ஸ், ரெட்டினா என்று அம்புக்குறி போட்ட பெயர்களை வரிசையாக உருப்போடுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெயர்கள் இரண்டே நாளில் ஏறிவிட்டன. அப்புறம் ஒரு மாதிரித் தேர்வில், "கிட்டத்தில் உள்ள பொருளைப் பார்க்கும்போது லென்ஸைத் தாங்கும் ஸோன்யூல் இழைகள் என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தார்கள். தசை சுருங்கினால் அதோடு கட்டியிருக்கும் இழை இறுகத்தானே வேண்டும்? "இறுகும்" என்று தைரியமாகக் குறித்தேன். தப்பு. தளரும் என்பதுதான் விடை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. கேள்வி எடுப்பவர்களுக்குப் பிடித்த இடமோ இந்த இரண்டாவதுதான்.

அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். ஒளி கண்ணுக்குள் போகும் வழியிலேயே நாமும் போவது. வழியில் வரும் ஒவ்வொரு பாகத்திடமும் இரண்டு கேள்வி கேட்பது: ஒளியை நீ என்ன செய்கிறாய்? உனக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? இரண்டாவது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ஒளி போகும் பாதையில் ரத்தக்குழாய் குறுக்கிட்டால் நிழல் விழும், ஒளி சிதறும். அதனால் அந்தப் பாதையில் இருக்கும் பாகங்கள் ரத்தக்குழாய் இல்லாமலே பிழைத்தாக வேண்டும். எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனால் கண்ணின் அமைப்பு பெரும்பாலும் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் வெளிக்கோடு. வளர்ந்தவர்களின் கண் பந்து முன்பின்னாக சுமார் 24 மி.மீ. நீளம், கொள்ளளவு சுமார் 6.5 மி.லி. சுவர் மூன்று அடுக்கு. வெளியே கார்னியாவும் கண்ணின் வெள்ளைப் பகுதியான ஸ்கிளீராவும், நடுவில் ஐரிஸ், சிலியரி பாடி, கோராய்டு மூன்றும் சேர்ந்த யூவியா, உள்ளே ரெட்டினா. ரத்தம் பெரும்பாலும் ஓடுவது நடு அடுக்கில். இதைத் தாளில் ஒருமுறை கையால் வரைந்துவிட்டு மேலே படியுங்கள். அச்சிட்ட படத்தைப் பத்து முறை பார்ப்பதைவிட, கோணல் மாணலாக ஒருமுறை வரைவது மேல்.

கார்னியா

இங்கே தமிழில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. கண்தானம் பற்றிப் பேசும்போது கார்னியாவைத்தான் "கருவிழி" என்கிறோம். வீட்டில் பேசும்போது கருவிழி என்றால் கண்ணின் கருப்பு வட்டம். உண்மையில் கார்னியாவுக்கு நிறமே கிடையாது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். நாம் பார்க்கும் கருப்பு அல்லது பழுப்பு, அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸின் நிறம். தமிழ்ப் புத்தகத்திலும் ஆங்கிலப் புத்தகத்திலும் மாறி மாறிப் படிப்பவர்கள் முதல் நாளே இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

கண்ணின் மொத்த ஒளிவிலகல் திறன் சுமார் 60 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனின் அலகு). அதில் ஏறக்குறைய 43, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், கார்னியாவினுடையது. லென்ஸ்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. காரணம் எளிது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கார்னியாவினுடையது 1.376. இவ்வளவு பெரிய வித்தியாசம் கண்ணில் வேறெங்கும் கிடையாது. தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதே, அதற்கும் இதுதான் காரணம். தண்ணீரின் எண் 1.33. கார்னியாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால், கார்னியாவின் வேலை அங்கே ஏறக்குறைய நின்றுபோகிறது.

சரி, சாப்பாடு? கார்னியாவில் ரத்தக்குழாய் இல்லை. கண் திறந்திருக்கும்போது ஆக்சிஜன் காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து வருகிறது. தூங்கும்போது இமையின் உட்புறத்து ரத்தக்குழாய்கள் கொடுக்கின்றன. குளுக்கோஸ் பெரும்பாலும் பின்னாலிருக்கும் அக்வஸ் திரவத்திலிருந்து வருகிறது. இது புரிந்தால் கான்டாக்ட் லென்ஸ் பாடத்தில் பாதி வந்த மாதிரி. லென்ஸை மாட்டிக்கொண்டே தூங்கினால் கார்னியா ஏன் வீங்குகிறது, அந்த லென்ஸுக்கு ஆக்சிஜன் ஊடுருவும் தன்மை ஏன் முக்கியம், நீண்ட நாள் ஆக்சிஜன் பற்றாவிட்டால் கார்னியாவும் ஸ்கிளீராவும் சேரும் விளிம்பான லிம்பஸிலிருந்து புது ரத்தக்குழாய்கள் ஏன் ஊர்ந்து வருகின்றன என்று எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்.

அடுக்குகள் வழக்கமாக ஐந்து: எபிதீலியம், போமன் படலம், ஸ்ட்ரோமா, டெசிமெட் படலம், எண்டோதீலியம். 2013இல் டெசிமெட்டுக்கு முன்னால் டூவா அடுக்கு என்று ஆறாவதாக ஒன்றும் விவரிக்கப்பட்டது. தேர்வில் "எத்தனை அடுக்கு" என்று கேட்டால் கொடுத்திருக்கும் விடைகளைப் பார்த்து முடிவெடுங்கள். எது மறுபடி வளரும், எது வளராது என்பதுதான் அதிகம் கேட்கப்படுவது. எபிதீலியம் வளரும், அதனால் மேலோட்டமான கீறல் தழும்பில்லாமல் ஆறிவிடும். போமன் படலம் வளராது, அதைத் தாண்டிய காயம் தழும்பாகும். டெசிமெட் மறுபடி உருவாகும். எண்டோதீலியம் வளராது.

இந்தக் கடைசி அடுக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒற்றை வரிசைச் செல்கள்தான், ஆனால் ஸ்ட்ரோமாவிலிருந்து தண்ணீரை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இறைப்பது நின்றால் கார்னியா தண்ணீர் குடித்து வீங்கி வெளுத்துவிடும். இளவயதினருக்கு ஒரு சதுர மி.மீட்டருக்கு 2500 முதல் 3000 செல்கள் வரை இருக்கும். ஒரு செல் செத்தால் பக்கத்துச் செல்கள் நீண்டு அந்த இடத்தை மூடும், புதிதாகப் பிறக்காது. வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும். கண்புரை அறுவைக்கு முன்னால் இந்தச் செல்களை ஏன் எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது இப்போது சொல்லாமலே விளங்கும்.

அளவுகளில் இரண்டு போதும். கார்னியாவின் நடுத்தடிமன் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், ஓரத்தில் இன்னும் தடிப்பு. முன்பக்கம் குறுக்குவாட்டில் சுமார் 11.7 மி.மீ., மேல்கீழாக அதைவிடக் குறைவு. ஸ்கிளீரா மேலும் கீழும் கொஞ்சம் ஏறி மூடுவதால் முன்பக்கம் நீள்வட்டமாகத் தெரிகிறது. பின்னாலிருந்து பார்த்தால் வட்டம்தான். ஸ்கிளீராவைப் பற்றி ஒரே வரி: மிக மெல்லிய இடம், கண்ணைத் திருப்பும் ரெக்டஸ் தசைகள் ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், சுமார் 0.3 மி.மீ.

அக்வஸ் என்னும் சாப்பாட்டு வண்டி

கார்னியாவின் பின்பக்கத்துக்கும் லென்ஸுக்கும் ரத்தம் கிடையாது என்றால், ரத்தத்தின் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். அதுதான் அக்வஸ். சிலியரி பாடியின் நிறமற்ற எபிதீலியம் இதைச் சுரக்கிறது, நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர். நிறமுள்ள எபிதீலியமா நிறமற்றதா என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. நிறமற்றதுதான்.

போகும் வழி இது. சிலியரி பாடியிலிருந்து போஸ்டீரியர் சேம்பருக்கு, அங்கிருந்து கண்மணி வழியாக ஆன்டீரியர் சேம்பருக்கு, பிறகு ஐரிஸும் கார்னியாவும் சந்திக்கும் மூலையில் உள்ள டிராபெக்குலர் சல்லடை வழியாக ஸ்க்ளெம் கால்வாய்க்கு, அங்கிருந்து எபிஸ்க்ளீரல் சிரைகளுக்கு. இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. "போஸ்டீரியர்" என்ற சொல்லைக் கேட்டதும் லென்ஸுக்குப் பின்னால் விட்ரியஸ் என்னும் ஜெல் இருக்கும் பெரிய அறைதான் நினைவுக்கு வரும். அது இல்லை. போஸ்டீரியர் சேம்பர் என்பது ஐரிஸுக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள குறுகலான இடுக்கு. கொள்ளளவு சுமார் 0.06 மி.லி. முன்னால் இருக்கும் ஆன்டீரியர் சேம்பர் 0.25 மி.லி. இரண்டுமே ஆன்டீரியர் செக்மென்டில், அதாவது லென்ஸ் வரையிலான கண்ணின் முன்பகுதியில்தான் சேரும். சேம்பர் வேறு, செக்மென்ட் வேறு.

உற்பத்தியும் வடிகாலும் சரியாக இருந்தால் கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் நிற்கும். வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். சல்லடை அளவில் தடை என்றால் ஓப்பன் ஆங்கிள் குளுக்கோமா. ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டு மூலையே மூடிக்கொண்டால் ஆங்கிள் குளோஷர். இரண்டையும் தனித்தனி நோயாக மனப்பாடம் செய்யாமல், குழாயில் எங்கே அடைப்பு என்று மட்டும் பாருங்கள்.

வழியில் கண்மணியைத் தாண்டினோம் அல்லவா? அதைச் சிறிதாக்கும் ஸ்பிங்க்டர் தசைக்குப் பாராசிம்பதெடிக் நரம்பு, மூன்றாவது மூளை நரம்பு வழியாக. பெரிதாக்கும் டைலேட்டருக்குச் சிம்பதெடிக். டார்ச் வெளிச்சம் உள்ளே போகும் தகவலை இரண்டாவது நரம்பு எடுத்துச் செல்லும், சுருங்கு என்ற கட்டளையை மூன்றாவது கொண்டுவரும். ஒரு கண்ணில் மட்டும் வெளிச்சம் அடித்தாலும் இரண்டு கண்மணியும் சுருங்கும். நண்பர் ஒருவரை உட்காரவைத்து டார்ச்சோடு பார்த்துவிடுங்கள், பிறகு மறக்காது.

லென்ஸ்: நான் தப்பு செய்த இடம்

இப்போது அந்த ஸோன்யூல் கேள்வி. என் தவறு, சிலியரி பாடியில் இருக்கும் சிலியரி தசையை ஒரு கயிறாக நினைத்தது. அது வளையம். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, அந்த வளையத்திலிருந்து நாலாபக்கமும் இழைகள் வந்து லென்ஸின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையம் சுருங்கினால் என்ன ஆகும்? விட்டம் குறையும், வளையம் லென்ஸை நெருங்கி வரும். தூரம் குறைந்ததும் இழைகள் தொய்வடையும். இழுப்பு விட்டதும் லென்ஸ் தன் இயல்புப்படி உருண்டு தடிக்கும், திறன் கூடும், கிட்டத்தில் உள்ளது தெளிவாகும். தூரத்தைப் பார்க்கும்போது தசை தளரும், வளையம் பெரிதாகும், இழைகள் இறுகும், லென்ஸ் தட்டையாகும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன விளக்கம் இதுதான். ஆக, தூரத்தைப் பார்க்கும்போது தசைக்கு ஓய்வு, கிட்டத்தைப் பார்க்கும்போதுதான் வேலை. நாள் முழுக்க மொபைலைப் பார்த்துவிட்டுக் கண் வலிக்கிறது என்று வருபவருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கலாம்.

லென்ஸ் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. புது இழைகள் வெளிப்பக்கம் சேர்ந்துகொண்டே போக, பழையவை நடுவில் நெருக்குண்டு இறுகுகின்றன. எதையும் உதிர்த்துத் தள்ள அதற்கு வழியில்லை. இறுகிய லென்ஸ், இழை தளர்ந்தாலும் உருளாது. நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து இப்படித்தான் வருகிறது. ஹாஃப்ஸ்டெட்டர் சூத்திரம் கேட்பார்கள்: குறைந்தபட்ச அக்காமடேஷன் (கிட்டத்தைப் பார்க்க லென்ஸ் கூட்டிக்கொள்ளும் திறன்) = 15 − (0.25 × வயது). 40 வயதுக்கு 5 டயாப்டர், 60க்கு பூஜ்யம். லென்ஸுக்கும் சாப்பாடு அக்வஸிலிருந்துதான்.

விட்ரியஸ் பற்றி அதிகம் இல்லை. சுமார் 4 மி.லி., 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மீதி ஹையலூரோனிக் அமிலமும் கொலாஜனும்.

ரெட்டினா: பத்து அடுக்கை உருப்போட வேண்டாம்

ரெட்டினாவில் எல்லோரும் பயப்படுவது அந்தப் பத்து அடுக்குக்கு. கட்டிப் பார்த்தால் பயம் போய்விடும். தகவல் மூன்று செல்கள் வழியாகக் கைமாறுகிறது: ஒளி உணரும் செல், பைபோலார் செல், கேங்ளியன் செல். இவற்றின் உட்கருக்கள் மூன்று வரிசை. அவையே அவுட்டர் நியூக்ளியர், இன்னர் நியூக்ளியர், கேங்ளியன் செல் அடுக்குகள். மூன்று பேர் கைகோத்தால் நடுவில் இரண்டு கைகோப்பு. அவை அவுட்டர் பிளெக்ஸிஃபார்ம், இன்னர் பிளெக்ஸிஃபார்ம். ஐந்து ஆயிற்று. வெளிப்பக்கத்தில் ஒளி உணரும் செல்களான ராடு, கோன்களின் நுனிகள் ஒரு அடுக்கு, அதற்கும் வெளியே நிறமி எபிதீலியம். ஏழு. கேங்ளியன் செல்களின் வால்கள் சேர்ந்து ஓடுவது நரம்பிழை அடுக்கு. எட்டு. மீதி, இரண்டு எல்லைப் படலங்கள்: ஒன்று அவுட்டர் நியூக்ளியருக்கு வெளியே, இன்னொன்று எல்லாவற்றுக்கும் உள்ளே விட்ரியஸை ஒட்டி. பத்து.

விசித்திரம் என்னவென்றால், ஒளி இந்த வரிசையில் தலைகீழாக வருகிறது. நரம்பிழை, கேங்ளியன், பைபோலார் எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒளி உணரும் செல்லை அடைய முடியும். ரத்தமும் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. உள் அடுக்குகளுக்கு மத்திய ரெட்டினா தமனி, வெளி அடுக்குகளுக்குக் கோராய்டு.

இப்போது ரெட்டினாவின் நடுவில் இருக்கும் ஃபோவியா. மிகக் கூர்மையான பார்வை இங்கேதான். நிழலே விழக்கூடாது என்பதால் உள் அடுக்குகள் ஓரமாக ஒதுங்கி ஒரு பள்ளம் உண்டாகிறது. நட்டநடுவில் ராடும் இல்லை, ரத்தத் தந்துகியும் இல்லை. கோன்கள் மட்டும். நம் பழைய கேள்வியைக் கேளுங்கள்: அப்படியானால் சாப்பாடு? பின்னாலிருக்கும் கோராய்டிலிருந்து. இதைப் பிடித்துக்கொண்டால், மத்திய ரெட்டினா தமனி அடைக்கும்போது "செர்ரிச் சிவப்புப் புள்ளி" ஏன் தெரிகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். உள் அடுக்குகள் ரத்தமில்லாமல் வீங்கி வெளுக்கின்றன. உள் அடுக்குகளே இல்லாத ஃபோவியாவில் கோராய்டின் சிவப்பு அப்படியே தெரிகிறது.

கோன்கள் சுமார் 60 லட்சம், ராடுகள் சுமார் 12 கோடி. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் ராடுகள் ஃபோவியாவை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் நெருக்கமாக இருக்கின்றன. மங்கலான நட்சத்திரத்தை நேராக முறைத்தால் மறைந்துபோவதும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிவதும் அதனால்தான்.

பார்வை நரம்பு கிளம்பும் ஆப்டிக் டிஸ்க்கில் ராடும் இல்லை, கோனும் இல்லை. ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி போடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளைக் கண்ணிலிருந்து சுமார் 30 செ.மீ. தூரத்தில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். டிஸ்க் ஃபோவியாவிலிருந்து மூக்குப்பக்கம் இருக்கிறது, ஆனால் குருட்டுப்புள்ளி பார்வைப்புலத்தில் காதுப்பக்கம், சுமார் 15 பாகையில் வருகிறது. ரெட்டினாவில் எந்தப் பக்கமோ, புலத்தில் அதற்கு எதிர்ப்பக்கம்.

இந்த எதிர்ப்பக்கக் கணக்கு தெரிந்தால் பார்வைப் பாதைக் கேள்விகளைப் போட்டுவிடலாம். இரண்டு கண்ணின் பார்வை நரம்புகளும் சந்திக்கும் கயாஸ்மாவில் மூக்குப்பக்க இழைகள் மட்டும் பக்கம் மாறும். அவை சுமப்பது காதுப்பக்கப் புலத்தை. பிட்யூட்டரிக் கட்டி கீழிருந்து கயாஸ்மாவை அழுத்தினால் இரண்டு கண்ணிலும் காதுப்பக்கப் பார்வை போகும். கயாஸ்மாவுக்குப் பின்னால் மூளைக்குப் போகும் இடப்பக்க நரம்புக் கற்றை (டிராக்ட்) அறுந்தால்? இடக்கண்ணின் காதுப்பக்க இழையும் வலக்கண்ணின் மூக்குப்பக்க இழையும் போயின. இரண்டுமே வலப்பக்கப் புலத்தைச் சுமப்பவை. ஆகவே இரண்டு கண்ணிலும் வலப்பாதி தெரியாது.

தசைகள்

கண்ணைத் திருப்ப ஆறு தசை, அவற்றுக்கு மூன்று மூளை நரம்பு. லேட்டரல் ரெக்டஸுக்கு ஆறாவது, சுப்பீரியர் ஆப்ளிக்குக்கு நான்காவது, மற்ற நான்குக்கும் மூன்றாவது. மூன்றாவது நரம்பு முழுதாகச் செயலிழந்தால் மிஞ்சுவது வெளியே இழுக்கும் லேட்டரல் ரெக்டஸும் கீழே இழுக்கும் சுப்பீரியர் ஆப்ளிக்கும்தான். அதனால் கண் கீழும் வெளியுமாகத் திரும்பி நிற்கும், இமையைத் தூக்கும் தசையும் மூன்றாவதையே நம்பியிருப்பதால் இமையும் தொங்கும்.

சுழற்சியில் குழம்பாதவர்கள் குறைவு. பெயரில் "சுப்பீரியர்" உள்ள இரண்டும் கண்ணை உட்பக்கம் சுழற்றும், "இன்ஃபீரியர்" உள்ள இரண்டும் வெளிப்பக்கம். ஆப்ளிக் இரண்டும் கண்ணைக் காதுப்பக்கம் திருப்பும், மேல், கீழ் ரெக்டஸ்கள் இரண்டும் மூக்குப்பக்கம் திருப்பும். லிம்பஸிலிருந்து ரெக்டஸ்கள் ஒட்டும் தூரம், மீடியல் 5.5, இன்ஃபீரியர் 6.5, லேட்டரல் 6.9, சுப்பீரியர் 7.7 மி.மீ. இதைச் சுருளாக வரைந்து பார்த்தால் அதுதான் டில்லோ சுருள். பத்தில் ஒரு மி.மீ. புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், வரிசை மாறாது. அதனால் வரிசையை விடாதீர்கள்.

கண்ணீர் அடுக்கு, இமை, ஏழு எலும்பு சேர்ந்த கண்குழி எல்லாம் கடைசி வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். தாளில் எதையும் பார்க்காமல் வரைய முடிகிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவர்கள் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். விட்ரியஸுக்குள் மருந்து ஏற்றும்போது, இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில், ஊசியை லிம்பஸிலிருந்து 4 மி.மீ. பின்னால் குத்துகிறார்கள். ஏன் அங்கே? கொஞ்சம் முன்னால் போனால் ரத்தக்குழாய் நிறைந்த சிலியரி மடிப்புகள், பக்கத்திலேயே லென்ஸ். ரொம்பப் பின்னால் போனால், லிம்பஸிலிருந்து 6, 7 மி.மீ. அருகே ஓரா செர்ராட்டாவில் ரெட்டினா தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் பார்ஸ் பிளானாவில் மடிப்பும் இல்லை, பார்க்கும் ரெட்டினாவும் இல்லை. ஊசி தாண்டும் அடுக்குகள்: கன்ஜங்டைவா, டெனான் உறை, ஸ்கிளீரா, பார்ஸ் பிளானா, அப்புறம் விட்ரியஸ்.